வாலி வதம்: நெட்டுக்கு ஓடியவர்களின் கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கவிஞர் வாலியைப் பற்றியோ கிஷ்கிந்தை வாலியைப் பற்றியோ அல்ல. டென்னிஸில் பந்து தரையில் குத்துவதற்கு முன்பே, நெட் பக்கத்தில் நின்று அடிக்கிறார்களே, அந்த வாலியைப் பற்றி. ஆனால் கிஷ்கிந்தை வாலியும் நடுவில் ஒரு இடத்தில் வருவார். கொஞ்சம் பெரிய கட்டுரை, டீ வைத்துக்கொண்டு படிக்கவும் :-)

போன மாதம் எங்கள் கல்லூரி கோர்ட்டில் முதல் வருடப் பையன் ஒருவனோடு ஆடினேன். ஒரு நல்ல ஷாட் அடித்தேன், அதன் பின்னாலேயே நெட்டுக்கு ஓடினேன். டிவியில் பார்த்திருக்கிறோமே, அந்த மாதிரி. அவன் அலட்டிக்கொள்ளவே இல்லை. பந்தை அப்படியே என் தலைக்கு மேல் தூக்கிப் போட்டான். திரும்பி ஓடினேன், எட்டவில்லை. அடுத்த முறையும் அதே. மூன்றாவது முறை நெட்டுக்குப் போகவே கால் வரவில்லை. 6-2. கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த கோச், "உனக்கு எதுக்குப்பா நெட்டு? பின்னாடி நின்னு ஆடு. இப்பல்லாம் யாரு முன்னாடி போறா?" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். இப்போது அதிகம் பேர் போவதில்லை. ஆனால் ஒரு காலத்தில் எல்லோரும் போனார்களே, ஏன் நின்றது? காஸ்ட் அக்கவுண்டிங் படிக்க வேண்டிய ஒரு வாரத்தை இதற்குச் செலவழித்தேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

கதை முதல் விம்பிள்டனிலேயே தொடங்குகிறது. 1877. மொத்தம் 22 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் சுமார் 200 பேர், டிக்கெட் ஒரு ஷில்லிங். அன்றைய டென்னிஸ் என்றால் இரண்டு கனவான்கள் பின்னால் நின்று பந்தை மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருப்பது. ஸ்பென்சர் கோர் என்று ஒருவர். ராக்கெட்ஸ் என்ற சுவர் ஆட்டத்திலும் கிரிக்கெட்டிலும் பழகியவர். அவர் என்ன செய்தார் என்றால், சும்மா முன்னால் வந்து நின்றுவிட்டார். பந்து தரையில் குத்துவதற்கு முன்பே தட்டிவிட்டார். எதிரில் இருந்த மார்ஷலுக்கு ஒன்றும் ஓடவில்லை. 6-1, 6-2, 6-4. முடிய 48 நிமிடம்.

அவருக்கு ஏன் அது அவ்வளவு எளிதாக இருந்தது என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. அன்றைய நெட் இன்றைய நெட் அல்ல. இரண்டு பக்கக் கம்பத்தில் 5 அடி உயரம், நடுவில் தொய்ந்து 3 அடி 3 அங்குலம். அதாவது ஓரமாக அடித்து அவரைத் தாண்டிப் பந்தை அனுப்ப வேண்டுமென்றால் ஐந்தடிச் சுவரைத் தாண்ட வேண்டும். தாண்டினால் பந்து கோட்டுக்கு வெளியே போய்விடும். எனவே எல்லோரும் தாழ்வான நடுப்பகுதி வழியாகத்தான் அடித்தார்கள். கோர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். கல்யாண வீட்டில் சாம்பார் வாளி வருகிற வழியில் உட்கார்ந்த மாதிரி.

அடுத்த வருடம் இவரை வீழ்த்தியவர் யார் தெரியுமா? இலங்கையில் தோட்டத்துரையாக இருந்த ஒருவர்! பெயர் ஃபிராங்க் ஹாடோ. விடுமுறையில் இங்கிலாந்து வந்திருந்தார். அந்தக் காலத்து இலங்கைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர்கள்தான் என்பதை நினைத்தால் எங்கோ இடிக்கிறது, ஆனால் அது வேறு கட்டுரை. ஹாடோ செய்தது அந்த முதல் வருடப் பையன் எனக்குச் செய்ததேதான். கோர் முன்னால் வந்தால் பந்தை அவர் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். லாப் என்ற ஷாட் விம்பிள்டனில் ஒரு ஆயுதமாக வந்தது அன்றுதான். 7-5, 6-1, 9-7. ஜெயித்துவிட்டு இலங்கைக்குத் திரும்பிப் போனார், பட்டத்தைக் காப்பாற்ற அடுத்த வருடம் வரவே இல்லை. 1926-ல் விம்பிள்டன் விழா எடுத்துப் பழைய சாம்பியன்களைக் கௌரவித்தபோதுதான் மறுபடி அங்கே தலைகாட்டினார்.

ஆக, வாலி பிறந்து ஒரே வருடத்தில் அதற்கு மருந்தும் வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஒரு அல்ப திருப்தி. 6-2 தோல்வியில் நான் முதல் விம்பிள்டன் சாம்பியனுக்குத் துணை.

அதோடு நெட்டின் உயரத்தையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 1878-ல் கம்பத்தில் 4 அடி 9 அங்குலம், 1880-ல் 4 அடி, 1882-ல் மூன்றரை அடி. இன்று வரை அதுதான் (நடுவில் 3 அடி). ஓரத்தில் நெட் தாழ்ந்ததும் பாஸிங் ஷாட்டுக்கு வழி திறந்தது. அப்படியானால் வாலி செத்திருக்க வேண்டுமே? சாகவில்லை. ரென்ஷா என்ற இரட்டையர்கள் வந்தார்கள். நெட்டை ஒட்டி நிற்காமல் கொஞ்சம் பின்னால், சர்வீஸ் கோட்டுப் பக்கம் நின்றார்கள். அங்கிருந்து லாப் போட்டால் ஓடிப் பிடிக்கலாம், உயரமாக வந்தால் ஓங்கி ஸ்மாஷ் அடிக்கலாம். 1881 இறுதி ஆட்டத்தில் வில்லியம் ரென்ஷா, அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சாம்பியனாக இருந்த ஹார்ட்லி என்ற பாதிரியாரை 6-0, 6-1, 6-1 என்று முடித்தார். 37 நிமிடம். (இந்தப் பாதிரியார் 1879-ல் போட்டியின் நடுவே ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்காக யார்க்‌ஷயர் வரை போய்விட்டுத் திரும்பி வந்து ஜெயித்தவர். எனக்கு இவரை ரொம்பப் பிடித்துவிட்டது.) வாலியையே தடை செய்துவிடலாமா என்ற பேச்சுகூட அந்தக் காலத்தில் எழுந்தது. செய்யவில்லை, நல்லவேளை.

இப்போது கிஷ்கிந்தை வாலி. எதிரில் நின்று சண்டை போடுகிறவனின் பலத்தில் பாதி தனக்கு வந்துவிடும் என்று வரம் வாங்கியவன் இல்லையா? டென்னிஸ் வாலியும் அப்படியே. நெட்டில் நிற்கிறவன் மட்டையைப் பின்னால் இழுத்து வீசக் கூடாது. வீசினால் நேரம் போய்விடும். மட்டையை முன்னால் நீட்டி, மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து, ஒரு சின்னத் தட்டு. அவ்வளவுதான். வேகம் முழுக்க எதிராளி கொடுத்தது. அவன் எவ்வளவு பலமாக அடிக்கிறானோ அவ்வளவு பலமாகத் திரும்பிப் போகும். நாம் செய்வது திசையை மாற்றுவது மட்டும்.

இன்னொரு லாபம் நேரம். டென்னிஸ் கோர்ட்டின் நீளம் 78 அடி, கோட்டிலிருந்து நெட் வரை 39 அடி. நான் பின்னால் நின்று அடித்தால் பந்து அவனிடம் போக முழு நீளமும் கடக்க வேண்டும். நெட்டில் நின்று அடித்தால் பாதி. அவன் யோசிக்கிற நேரத்தில் பாதியைப் பிடுங்கிக்கொள்கிறேன். ஆனால் எனக்கும் பாதி நேரம்தான் கிடைக்கிறது, அதையும் மறக்கக் கூடாது. பலசாலிகள் நெட்டுக்குப் போகிறார்கள், பயந்தவர்கள் பின்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை போலிருக்கிறது. யார் யாருடைய நேரத்தைத் திருடுகிறார் என்பதுதான் கணக்கு.

இந்தக் கணக்கை உண்மையாகவே கணக்காகப் போட்டவர் அமெரிக்காவின் ஜாக் கிராமர். 1946, 1947-ல் அமெரிக்கப் பட்டம், 1947-ல் விம்பிள்டன். சர்வ் போட்டவுடன் நெட்டுக்கு ஓடு, ஒவ்வொரு முறையும் ஓடு என்ற ஆட்டத்தை ஒரு முறையாக மாற்றியவர். இதற்குப் பின்னால் கிளிஃப் ரோச் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் இருந்தார். டென்னிஸ் வீரர் அல்ல. எந்த ஷாட்டுக்கு எத்தனை சதவீதம் வாய்ப்பு, எங்கே சக்தியைச் சேமிக்கலாம், எந்தப் பாயிண்டில் துணியலாம் என்று கிராமருக்குச் சொல்லிக்கொடுத்தார். 'சதவீத டென்னிஸ்' என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான். பி.காம் படிக்கிறவன் இதைப் படித்தால் கண்ணில் தண்ணீர் வருமா வராதா?

கிராமருக்குப் பிறகு சுமார் முப்பது வருடம் இதுதான் ராஜபாட்டை. காரணம் புல்தரை. 1974 வரை நான்கு பெரிய போட்டிகளில் மூன்று புல்லில்தான் நடந்தன. பாரிஸ் மட்டும் களிமண். புல்லில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு தாழ்வாக வரும், சில நேரம் எங்கே திரும்பும் என்றே தெரியாது. அதைத் தரையில் குத்தவிடுவதே ஆபத்து. எனவே குத்துவதற்கு முன்பே அடித்துவிடு. நம் ஊர் ஆட்களின் பொற்காலமும் இதே காலம்தான் என்பது தற்செயல் அல்ல. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி. 1961-ல் கால் இறுதியில் ராய் எமர்சனை வென்றார். பலமான சர்வ் இல்லாதவர், கைநுணுக்கத்தில் ஆடியவர். விஜய் அமிர்தராஜ் 1973-ல் ஃபாரஸ்ட் ஹில்ஸ் புல்லில் ராட் லேவரை ஐந்து செட்டில் வென்றார். அதே வருடம் விம்பிள்டனிலும் அமெரிக்காவிலும் கால் இறுதி வரை போனார்.

புல் எப்படி ஆட்களை முன்னால் இழுத்தது என்பதற்கு போர்க் நல்ல உதாரணம். பின்னால் நின்று நாள் முழுக்க அடிக்கக்கூடிய மனிதர். பாரிஸில் ஆறு முறை ஜெயித்தது அப்படித்தான். அவரே விம்பிள்டன் வந்தால் சர்வ் போட்டுவிட்டு நெட்டுக்கு ஓடினார். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து பட்டம்.

இனி நான் சொல்ல வந்த இரண்டு பேருக்கு வருகிறேன். இரண்டு பேரும் நெட் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள விலை கொடுத்தவர்கள். ஒருவர் சின்ன வயதில் கொடுத்தார், ஒருவர் பெரிய ஆளான பிறகு.

பெரிய ஆளான பிறகு கொடுத்தவர் இவான் லெண்டில். மொத்தம் 270 வாரம் உலகின் முதலிடத்தில் இருந்தவர். எட்டு பெரிய பட்டம் வாங்கியவர். விம்பிள்டன் மட்டும் இல்லை. 1986 இறுதியில் பெக்கரிடம் தோல்வி, 1987 இறுதியில் பேட் கேஷிடம் தோல்வி. தேர்ந்த வாலி ஆட்டக்காரரான டோனி ரோச்சைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வயதுக்கு மேல், மாணவனைப் போல வாலி படித்தார். 1990-ல் பிரெஞ்சு ஓப்பனுக்கே போகவில்லை! ஏற்கனவே மூன்று முறை வென்ற போட்டி. அதை விட்டுவிட்டுப் புல்லில் போய்ப் பயிற்சி எடுத்தார். பலனும் தெரிந்தது. லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் அரையிறுதியில் மெக்கென்ரோவையும் இறுதியில் பெக்கரையும் நேர் செட்டில் துவைத்தார். ஒரு வாரம் கழித்து விம்பிள்டன். அரையிறுதியில் எட்பெர்க், நேர் செட்டில் தோல்வி. அவ்வளவுதான், கடைசிவரை கிடைக்கவில்லை.

லெண்டிலுக்கு வாலி தெரியாது என்று சொல்ல முடியாது. அவர் அதை யோசித்துச் செய்தார், எட்பெர்க் யோசிக்காமல் செய்தார், எனக்குப் புரிந்தவரை வித்தியாசம் அதுதான். எதிராளி பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் ஓட்டத்தை நிறுத்தி, இரண்டு காலும் சேர ஒரு சின்னக் குதி. ஸ்ப்ளிட் ஸ்டெப் என்பார்கள். அதிலிருந்து வலமோ இடமோ பாய வேண்டும். கிரிப் மாற்ற நேரம் இருக்காது, ஒரே பிடியில் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். எல்லாமே அரை நொடிக்குள். யோசித்தால் முடிந்தது கதை.

சின்ன வயதில் விலை கொடுத்தவர் பீட் சாம்ப்ராஸ். சிறுவனாக இருந்தபோது இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடித்து, பின்னால் நின்று ஜெயித்துக்கொண்டிருந்தவர். பதினான்கு வயது வாக்கில் அவருடைய அன்றைய பயிற்சியாளர் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். ஒரு கை பேக்ஹேண்ட். சர்வ் போட்டால் நெட்டுக்கு ஓடு. விம்பிள்டன் உன் இலக்கு. உடனே என்ன ஆனது? தோல்வி மேல் தோல்வி. நேற்று வரை இவர் வென்ற பையன்கள் எல்லாம் இவரை வென்றார்கள். அந்த வயதில் அது எவ்வளவு அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வயதில், 1990-ல், அமெரிக்க ஓப்பன் வென்றார். அப்புறம் 1993 முதல் 2000 வரை ஏழு விம்பிள்டன்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நெட் ஆட்டத்தின் செலவு முழுக்க முன்பணம். வரவு பல வருடம் கழித்துத்தான். பேஸ்லைன் ஆட்டம் தவணை முறை மாதிரி, இன்று கற்றதை நாளைக்கே பயன்படுத்தலாம்.

முன்பணம் கட்ட ஆள் எப்போது வருவார்கள்? கடைசியில் லாபம் நிச்சயம் என்றால் வருவார்கள். அந்த லாபம்தான் ஒவ்வொன்றாகக் கரைந்தது. 1975-ல் அமெரிக்கா புல்லை விட்டது. 1988-ல் ஆஸ்திரேலியா விட்டது. 1976-ல் பிரின்ஸ் நிறுவனம் பெரிய தலை வைத்த மட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பழைய மர மட்டையின் முகம் 65 சதுர அங்குலம் என்றால் இது சுமார் 110. பிறகு கிராஃபைட் வந்தது. நடுவில் படாத பந்துகூட உருப்படியாகப் போக ஆரம்பித்தது.

அடுத்தது நரம்பு. 1997-ல் குயர்ட்டன் என்ற பிரேசில்காரர் பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையோடு வந்து பிரெஞ்சு ஓப்பனை வென்றார். இந்த நரம்பில் பந்து பட்டதும் இழைகள் பக்கவாட்டில் வழுக்கி, சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பலில் பந்துக்குக் கூடுதல் சுழற்சி கிடைக்கிறது. டாப்ஸ்பின் ஏறிய பந்து நெட்டைத் தாண்டியதும் 'டபக்' என்று கீழே இறங்கும். எங்கே? நெட்டில் நிற்கிறவனின் காலடியில். காலடியில் வருகிற பந்தை அவன் மேல்நோக்கித்தான் எடுத்துவிட முடியும். மேலே எழும்பிய பந்து எதிராளிக்கு விருந்து. முன்பெல்லாம் பாஸிங் ஷாட் அடிப்பவன் பலமாக அடித்தால் கோட்டுக்கு வெளியே போகும், மெதுவாக அடித்தால் வாலிக்காரன் எட்டிவிடுவான். இப்போது பலமாகவும் அடிக்கலாம், பந்தும் உள்ளே விழும். வாலியை நேருக்கு நேர் நின்று வெல்ல முடியாது, மரத்துக்குப் பின்னால் நின்று அம்பு விட வேண்டும் என்பது கதை. இங்கே அந்த அம்பு இந்த நரம்புதான்.

கடைசியாகப் புல்லும் மாறியது. விம்பிள்டனில் அதுவரை இரண்டு வகைப் புல் கலந்து போட்டார்கள். 2001-க்குப் பிறகு முழுக்க ரை புல். சீக்கிரம் தேயக் கூடாது என்பதற்காகச் செய்ததாகச் சொன்னார்கள். ஆனால் தரை கெட்டியாகி, பந்து கொஞ்சம் உயரமாக எழும்ப ஆரம்பித்தது. 2001 இறுதி ஆட்டத்தில் இவானிசெவிச்சும் ராஃப்டரும் மாறி மாறி நெட்டுக்கு ஓடினார்கள், ஐந்தாவது செட் 9-7. (இந்த ராஃப்டர் 1998-ல் நம் நுங்கம்பாக்கத்தில் வந்து சென்னை ஓப்பன் வென்றவர்.) அடுத்த வருடம், 2002, ஹியூவிட்டும் நல்பாண்டியனும். சர்வ் போட்டுவிட்டு நேராக நெட்டுக்கு ஓடிய பாயிண்ட் ஒன்றுகூட இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஆட்டம் மாறிவிட்டது. ஒரே வருடத்தில்!

இந்த இடத்தில் கோச் சொன்னது சரி என்று முடித்துவிடலாம். ஆனால் ஒரு எண் இடித்துக்கொண்டே இருந்தது. இன்றும் பெரிய போட்டிகளில் நெட்டுக்கு வந்து ஆடிய பாயிண்டுகளை எண்ணினால், சுமார் மூன்றில் இரண்டு பங்கை முன்னால் வந்தவர்தான் ஜெயிக்கிறார். அப்படியானால் ஏன் எல்லோரும் வருவதில்லை, முட்டாள்களா?

முட்டாள்கள் இல்லை. சராசரி வேறு, மார்ஜினல் வேறு என்று முதல் வருட எகனாமிக்ஸில் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான். இன்று நெட்டுக்கு வருபவர் நல்ல வாய்ப்பு கிடைக்கும்போது மட்டும் வருகிறார். அதனால் சராசரி அழகாக இருக்கிறது. கிராமர் மாதிரி எல்லா சர்வுக்கும் வந்தால் அந்த எண் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதுதான் கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்க, சின்ன வயதிலிருந்து வாலி பழகிய ஆட்கள் வேண்டும். பதினான்கு வயதில் இரண்டு வருடம் தோற்கச் சம்மதிக்கும் பையனும், அதற்குச் சம்மதிக்கும் அப்பாவும் வேண்டும். ஜூனியர் ரேங்கிங் பார்த்துத்தான் ஸ்பான்சர் வருவான் என்கிற நிலையில் யார் சம்மதிப்பார்கள்? வாலி தோற்றது பாதிதான், மீதிப் பாதி அதைக் கற்றுக்கொள்ள ஆள் இல்லாமல் போனது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சண்டைக்கு வரலாம்.

இப்போது வேடிக்கை என்னவென்றால் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. சர்வைத் திருப்பியடிக்க மெத்வெதேவ் மாதிரி ஆட்கள் கோட்டுக்கு வெகு தூரம் பின்னால் போய் நிற்கிறார்கள். அவ்வளவு பின்னாலிருந்து வருகிற பந்துக்கு நெட் வரை வந்து சேர நேரமாகிறது. அதற்குள் சர்வ் போட்டவர் நிதானமாக நடந்து வந்துவிடலாம். 2023-ல் அல்கராஸ் இவருக்கு எதிராக அதைத்தான் செய்தார். கோருக்குக் கம்பத்தில் ஐந்தடி நெட் கிடைத்தது, இவருக்கு எதிராளி விட்டுக்கொடுத்த இருபதடி கிடைத்தது.

எனக்கு இருபது வயது தாண்டிவிட்டது. சாம்ப்ராஸ் வண்டி போய்விட்டது, லெண்டில் வண்டியில்தான் இடம். அதனால் என்ன, நான் விம்பிள்டனா ஆடப்போகிறேன்? கோச்சிடம் சொல்லாமல், ஹாஸ்டல் நண்பன் ஒருவனைக் காலை ஆறு மணிக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவன் ஒரு கூடைப் பந்தை ஒவ்வொன்றாக அடிக்கிறான், நான் நெட்டில் நிற்கிறேன். மட்டையைப் பின்னால் இழுக்கிற பழக்கம் போகவே மாட்டேன் என்கிறது. முதல் நாள் 50 பந்தில் 11 உள்ளே விழுந்தது. நேற்று 19. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். லாப் மட்டும் போடாதே என்று அவனிடம் கெஞ்சிக் கேட்டிருக்கிறேன், இந்த ஒரு வாரத்துக்கு.